என் புடவைகளுக்குப் பினாங்கில் இஸ்திரி போட்டார்கள்

நான் செய்கிற புடவைகள் கசங்கித்தான் இருக்கும். கசங்க வேண்டும் என்றுதான் அவற்றைச் செய்கிறேன். சாயம் போட்ட பருத்திப் புடவையை ஈரத்தோடு இரண்டு பேர் இரண்டு முனையில் நின்று முறுக்கி, கயிறு மாதிரி ஆக்கி, நூலால் இறுக்கக் கட்டி வெயிலில் காயப்போட வேண்டும். காய்ந்தபின் அவிழ்த்தால் புடவை முழுக்க மெல்லிய சுருக்கங்கள் ஓடும். உடுத்தினால் காற்றோட்டமாக இருக்கும், விறைத்துக்கொண்டு நிற்காது. இதை விளக்கி விளக்கி எனக்கு வாய் வலித்துவிட்டது. ஈரோட்டிலும் கோயம்புத்தூரிலும் கடைக்காரர்கள் கேட்பது ஒரே கேள்விதான். "ஏம்மா, தேச்சுக் கொண்டாந்திருக்கக் கூடாதா?"

கடைசியாக என் சரக்கை எடுத்துக்கொண்டிருந்த கடையும் போன பொங்கலோடு நிறுத்திவிட்டது. வேறு யாராவது எடுத்தால் பட்டறை ஓடும். இல்லாவிட்டால் என்னோடு முறுக்குகிற நான்கு பெண்களும் பனியன் கம்பெனிக்குப் போக வேண்டியதுதான். அந்தச் சமயத்தில்தான் பினாங்கிலிருந்து ஷாமினி என்கிற பெண் கூப்பிட்டாள். ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கிடங்கில் பாட்டு, ஓவியம், உடுப்பு எல்லாம் சேர்ந்த ஒரு கொண்டாட்டம் நடத்துகிறார்களாம். அதில் என் புடவைகளை உள்ளூர்ப் பெண்கள் உடுத்தி மேடையில் நடந்து காட்டுவார்கள். கோலாலம்பூரில் புடவைக் கடைகள் வைத்திருக்கும் மீனாள் ஆச்சி பார்க்க வருவார். ஆச்சிக்குப் பிடித்தால் என் பட்டறை பிழைத்தது. பத்துப் புடவைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு கிளம்பினேன்.

வியாழக்கிழமை காலையில் போய் இறங்கினேன். ஷாமினி முப்பது வயதுக்காரி, நிற்காமல் பேசுகிறவள். "பசியாறிட்டீங்களா அக்கா?" என்றாள். வழியில் நான்கு பேருக்கு அவளைத் தெரிந்திருந்தது, நால்வரும் என்னைக் கேட்ட முதல் கேள்வியும் அதுதான். இல்லை என்று சொன்னது என் தப்பு. அடுத்த நிமிடம் நாசி கண்டார் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

"கொழம்பு தனியா ஒரு கிண்ணத்துல குடுங்க" என்றேன். பரிமாறியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தனியா ஊத்துனா அது நாசி கண்டார் இல்லமா" என்று சொல்லிவிட்டு மீன் குழம்பு, கோழிக் குழம்பு, இன்னும் பெயர் தெரியாத ஒரு குழம்பு எல்லாவற்றையும் ஒரே சோற்றின் தலையில் கவிழ்த்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அதைத் தொடாமலே எழுந்திருக்க வேண்டும். நன்றாக இருந்து தொலைத்தது. இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். தேநீருக்குச் சீனி வேண்டாம் என்றேன், அவரும் சீனி போடவில்லை. அதற்குப் பதிலாக டின் பாலை ஊற்றினார். பாயசம் குடித்த மாதிரி இருந்தது.

அதன்பிறகு சுவர்களைப் பார்க்கப் போனோம். ஜார்ஜ் டவுனில் திரும்பிய பக்கமெல்லாம் சுவரில் படம். ஒவ்வொரு படத்தின் முன்னாலும் வரிசை கட்டி நின்று போட்டோ எடுக்கிறார்கள். எங்கள் ஊரில் ரேஷன் கடையில்கூட இத்தனை ஒழுங்காக நிற்க மாட்டார்கள். நான் ஒரு கதவோரம் நிழலுக்கு ஒதுங்கினேன். ஒரு வெள்ளைக்காரப் பெண் நகரச் சொன்னாள். நகர்ந்தேன். அவளுடைய கணவன் என்னைத் திரும்ப அங்கேயே நிற்கச் சொன்னான், புடவை அந்தக் கதவுக்குப் பொருத்தமாக இருக்கிறதாம். பக்கத்தில் நின்ற சீனப் பையன் தன் தோழியிடம் ஏதோ கேட்டான், இருவரும் சிரித்தார்கள். ஷாமினி தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தாள். "அந்த ஆன்ட்டி நெஜமா, இல்ல அவங்களும் ஆர்ட்டான்னு கேக்குறான்கா."

நான் தங்கிய விடுதியில் மின்தூக்கி இல்லை. மரப்படி, அதுவும் ஏணி மாதிரிச் செங்குத்து. பாரம்பரியக் கட்டடமாம், மாற்றக் கூடாதாம். "பெட்டிய நான் எடுத்துட்டுப் போறேன் அக்கா, நீங்க ஏன் தூக்கிக்கிட்டு அலையணும்?" என்றாள் ஷாமினி. நல்ல பெண் என்று நினைத்துக் கொடுத்தனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒத்திகை. கிடங்கு துறைமுகத்தை ஒட்டிய சாலையில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் காது போயிற்று. கறுப்புச் சட்டையில் குழுவின் பெயரை அச்சடித்துக்கொண்ட பத்துப் பதினைந்து இளைஞர்கள் உறுமி அடித்துக்கொண்டிருந்தார்கள். கூடவே ஒருவன் கணினியில் வேறொரு இடியை இறக்கிக்கொண்டிருந்தான். நம் ஊரில் உறுமியைக் கோயில் திருவிழாவில் கேட்டதோடு சரி. இங்கே உறுமி மேளக் குழுக்களுக்கு ரசிகர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து கையெழுத்து வாங்கிப் போகிறார்கள். பழைய ஒலிநாடாவை வெட்டிக் கம்மல் செய்து விற்கும் நீல முடிக்காரி ஒருத்தி தலையை ஆட்டி ஆட்டி ரசித்தாள்.

"அக்கா, இந்த பீட்டுலதான் உங்க சாரி ஷோ. ஓக்கேயா?" என்று குழுவின் தலைவன் கேட்டான். அந்த அடிக்குப் பெண்கள் நடக்க முடியாது, ஓடத்தான் முடியும். கொஞ்சம் மெதுவாக அடிக்கச் சொன்னேன். "மெதுவாவா?" என்று மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தான். கெட்ட வார்த்தை சொன்னவளைப் பார்ப்பது போல எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த இரைச்சலுக்கு நடுவில்தான் பெட்டி எங்கே என்று கேட்டேன்.

"லெட்சுமி அக்கா வீட்ல" என்றாள் ஷாமினி.

"அது யாருங்க லெட்சுமி அக்கா?"

"பாலம் தாண்டி சுங்கை பாக்காப்ல இருக்காங்க. சாரி எல்லாம் அவங்ககிட்டதான்கா போகும். எந்த ஃபங்ஷன்னாலும்."

அரிசியை எதற்குக் கழுவுகிறாய் என்று நான் கேட்டுவிட்ட மாதிரி அவள் விளக்கினாள். இங்கே விசேஷத்துக்குப் போகிற பெண்கள் யாரும் அன்றைக்கு நின்று மடிப்பு எடுப்பதில்லை. புடவை முன்கூட்டியே அதற்கென்று இருக்கிற ஒருவரிடம் போய்விடும். அவர் கொசுவம், முந்தானை எல்லாம் மடித்து, ஊசி குத்தி, பெட்டி போல மடக்கிக் கொடுத்துவிடுவார். வாங்கி இடுப்பில் சுற்றிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். கல்யாணப் பெண்ணானாலும் சரி, ஆபீஸ் விருந்துக்குப் போகிறவளானாலும் சரி, இதுதான் வழக்கம். இதையெல்லாம் சொல்லவும் வேண்டுமா என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை.

"மடிச்சு, தேய்ப்பாங்களா?" என்று கேட்டேன்.

"பின்ன? அயன் பண்ணாம எப்படி ப்ளீட்டு நிக்கும்?"

லெட்சுமி அக்காவுக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

ஷாமினிக்குத் தெரிந்த குமார் என்கிற தம்பியின் காரில் ஏறினேன். முதல் பாலத்தில் நெரிசல் என்று இரண்டாவது பாலத்துக்கு விட்டார். கடல் மேல் நீண்டு போகிற பாலம், வேறு நாளாக இருந்தால் வாயைப் பிளந்து பார்த்திருப்பேன். பத்து காவான் என்கிற ஊர் வந்ததும் குமார் காரை மெதுவாக ஓட்டிக் கையை நீட்டி நீட்டிக் காட்டினார். "இதெல்லாம் முந்தி எஸ்டேட்டுகா. எங்க அப்பா பொறந்தது அந்தா, அந்த ஃபேக்டரி கார்பார்க்ல." காட்டிக்கொண்டே திரும்ப வேண்டிய இடத்தை விட்டுவிட்டார். "அலமாக், சிம்பாங்க விட்டுட்டேன்!" அடுத்த முச்சந்திக்கு எங்கேயோ போய்ச் சுற்றி வர வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் எத்தனை புடவை போயிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு பல்லைக் கடித்தேன்.

பத்தும் போயிருந்தது.

லெட்சுமி அக்காவின் வீட்டு முகப்பில் நீள மேசை, அதன் மேல் ஆவி பறக்கும் இஸ்திரிப் பெட்டி. என் புடவைகள் ஒவ்வொன்றும் கண்ணாடிக் காகித உறையில், உடுத்தப் போகிற பெண்ணின் பெயரோடு வரிசையாகத் தொங்கின. கத்தியால் வெட்டியது போல மடிப்பு. ஒரு சுருக்கம் இல்லை. கடையில் எந்த மூலையிலும் கிடைக்கிற வெறும் பருத்திப் புடவைகள் பத்து.

அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். முன்பு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், இப்போது இந்தச் சுற்றுவட்டாரத்துக் கல்யாணப் புடவை எல்லாம் இவர் கைதான் என்று குமார் வழியில் சொல்லியிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வாங்க தங்கச்சி, பசியாறிட்டீங்களா?" என்றார். பிறகு உறைகளைக் காட்டினார். "ஃப்ளைட்டுல வந்ததுனால ரொம்பக் கசங்கிப் போச்சு. பாவம், இவ்வளோ தூரம் கொண்டாந்திருக்காங்களே, அசிங்கமாப் போயிறக் கூடாதேன்னு ரெண்டு தடவ ஸ்டீம் போட்டு எடுத்தேன். லேசுல போகல லா!"

லேசில் போகாது. போகக் கூடாது என்றுதான் நாங்கள் அத்தனை பலத்தையும் போட்டு முறுக்குகிறோம். நான் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக் கத்த முடியவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

அக்காவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. "வேணும்னேவா கசக்குறீங்க?" என்று மறுபடி மறுபடி கேட்டார். கடைசியில் எழுந்து உள்ளே போய் ஒரு பெரிய வாளியைக் கொண்டுவந்து என் முன்னால் டங்கென்று வைத்தார்.

உறையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, ஊசிகளைப் பிடுங்கி, தண்ணீரில் முக்கினேன். மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி அக்காவிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"தங்கச்சி, நான் ஒண்ணு சொல்றேன், ஏசாதீங்க. அந்த ஷோவுக்கு யாரு சாரி ரெடி பண்றான்னு இங்க எல்லாருக்கும் தெரியும். இந்தக் கசங்கலோட பிள்ளைங்க மேடைல ஏறுனா என்னைத்தான் கேப்பாங்க. அப்புறம் யாரு எனக்குக் கல்யாண வேல குடுப்பா? எனக்கும் பேருதானே சோறு?"

என் பெயருக்காகப் பறந்து வந்தவள் நான். அவருடைய பெயர் இதில் மாட்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்? குமார்தான் பேசாமல் வந்து மறுமுனையைப் பிடித்தார். ஒன்பது புடவைகளை முறுக்கிக் கட்டினோம். பத்தாவதாக அரக்குப் புடவையை எடுக்கப் போனபோது அக்கா அதை உறையோடு மார்பில் அணைத்துக்கொண்டார். "இது ஒண்ணாவது இருக்கட்டும் தங்கச்சி" என்றார். அதைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.

கொடியில் போடலாம் என்று வெளியே வந்தால் மழை. பினாங்கு மழை அறிவிப்பே இல்லாமல் கொட்டுகிறது. ஈரக் கயிறுகளை வாளியோடு காரில் ஏற்றித் திரும்பினோம். "சீட்டு நனைஞ்சா வூட்டுல ஏசுவாகா" என்று பாலம் முடியும்வரை குமார் சொல்லிக்கொண்டே வந்தார். அறையில் மின்விசிறிக்கு அடியில் தொங்கவிட்டேன். விடிந்தபோதும் சொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் இதற்குள் சருகாகியிருக்கும்.

சனிக்கிழமை காலை ஷாமினி ஒரு வழி சொன்னாள். இங்கே தெருவுக்குத் தெரு டோபி இருக்கிறது. வண்ணார் கடை என்று நினைத்துவிட வேண்டாம். ஆளே இல்லாத அறையில் ஆள் உயர இயந்திரங்கள், காசு போட்டால் துவைக்கும், உலர்த்தும். கயிறு அவிழாமலிருக்கப் பெண்கள் போடும் நீளக் காலுறைகளை அள்ளி வாங்கி வந்தாள். ஒவ்வொரு காலுறையிலும் ஒரு புடவையைத் திணித்து உலர்த்தியில் போட்டோம். உள்ளே ஒன்பது மலைப்பாம்புகள் உருண்டு விழுந்து ஒன்றையொன்று அடித்துக்கொண்டன.

சட்டை உலர்த்த வந்த சீனத் தாத்தா ஒருவர் அதைப் பார்த்துத் தன் கூடையை எடுத்துக்கொண்டு கடைசி இயந்திரத்துக்குப் போய்விட்டார். மலாய் அம்மா ஒருவர் மட்டும் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்துவிட்டு, "படகு கட்டுற கயிறா? இதை ஏன் துவைக்கிறீங்க?" என்று கேட்டார். ஷாமினி விளக்கியதும், "கசங்கணும்னா என் வீட்டுக்காரர்கிட்ட குடுங்க, உட்கார்ந்தே கசக்கிடுவார்" என்றார். சிரித்தேன். பினாங்கு வந்து சிரித்தது அப்போதுதான்.

வெளிப்பக்கம் காயும், உள்ளே ஈரம் நிற்கும். திரும்பப் போடுவோம். மதியச் சாப்பாடு அங்கேயே பிளாஸ்டிக் பையில் வந்தது. குடிக்கிற தேநீரையும் பையில் கட்டி உறிஞ்சு குழலோடு கொடுக்கிறார்கள், கீழே வைக்கவே முடியாது. ஒரு கையில் தேநீர்ப் பையைப் பிடித்தபடி மறுகையால் முதல் கயிற்றை அவிழ்த்தேன். நீலப் புடவை. சுருக்கம் வந்திருந்தது. வெயிலில் காய்ந்த அளவுக்கு இல்லை, ஆனால் வந்திருந்தது. எனக்குக் கண் கலங்கியது.

மாலை ஆறு மணிக்குக் கிடங்கு நிறைந்துவிட்டது. திரைக்குப் பின்னால் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். வங்கியில் வேலை செய்கிறவள், நர்ஸ், பத்து காவான் தொழிற்சாலைக்காரி, எல்லோருக்கும் ஒரே பதற்றம். "அக்கா, ப்ளீட்டு எங்க? எனக்கு எடுக்கத் தெரியாதுகா!" ஒன்பது பேருக்கும் நானே கட்டிவிட்டேன். பத்தாவது பெண்ணுக்கு உடுத்த ஒன்றும் இல்லை. அப்போது அரக்குப் புடவையை உறையோடு தோளில் மாட்டிக்கொண்டு லெட்சுமி அக்கா வந்து நின்றார். வர மாட்டேன் என்று ஷாமினியிடம் சொல்லியிருந்தவர்தான். என் முகத்தைப் பார்க்காமல் திரையோரம் போய் நின்றுகொண்டார்.

அதை வாங்கிப் பத்தாவது பெண்ணுக்குக் கட்டுவதற்குள் உறுமி இறங்கிவிட்டது. பெண்கள் நடக்கத் தொடங்கினார்கள், இல்லை, விரைந்தார்கள். இருந்தாலும் விளக்கு வெளிச்சத்தில் அந்தச் சுருக்கங்கள் அசைந்த அழகு எனக்குப் போதும் என்றிருந்தது. உறுமி ஒரு நொடி ஓய்ந்தபோது, திரையை ஒட்டிய முன்வரிசையில் பளபளவென்று பட்டில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எங்கள் இருவர் காதிலும் விழுந்தது.

"என்ன லா, லெட்சுமிக்கு உடம்பு சரியில்லையா? இப்படியே அனுப்பிருக்கா."

"அடுத்த மாசம் மக கல்யாணத்துக்கு அவகிட்டதான் குடுக்கலாம்னு இருந்தேன்" என்றார் மற்றவர்.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு அந்த அம்மாக்கள்மேல் வந்த கோபம் சொல்லி முடியாது. அதே சமயம் இத்தனைக்கும் காரணம் என் கசங்கல்தான் என்பதும் தெரிந்தது. உறையை அவர் தோளிலிருந்து எடுத்தேன். பத்து வருடமாக நான் இஸ்திரி போட்ட புடவை கட்டியதில்லை. சுற்றி, செருகி, முந்தானையைத் தோளில் வைத்தேன், முடிந்தது. எதுவும் நழுவவில்லை, குத்தவில்லை. இவ்வளவு சுலபமாக இருந்ததே எனக்கு ஆத்திரமாக வந்தது. அக்காவின் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

ஒலிபெருக்கியில் பேசி எனக்குப் பழக்கமில்லை. "நீங்க பார்த்த ஒம்பது புடவையும் கசங்கித்தானுங்க இருக்கும். நான் செய்யறதே அப்படித்தான். இந்த அக்கா பத்தையும் இப்படித்தான் மடிச்சுக் குடுத்தாங்க" என்று என் கொசுவத்தைக் காட்டினேன். "அதுல ஒம்பதைத் தண்ணியில முக்கிக் கெடுத்தது நானுங்க."

கைதட்டல் காதைப் பிளந்தது. அந்த ஒன்பதுக்கும் சேர்த்து வந்ததைவிட இந்த ஒன்றுக்குத்தான் அதிகம். பட்டுப் புடவை அம்மா எழுந்து நின்றே தட்டினார். சிரித்தபடி நின்றேன், உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது.

மீனாள் ஆச்சி திரைக்குப் பின்னால் வந்தார். மெலிந்த, அதிகம் பேசாத மனுஷி. நேராக என் முந்தானையைத் தொட்டுப் பார்த்தார். "இது நல்லா எடுப்பா இருக்கு. மத்ததையும் இதே மாதிரி அயன் பண்ணி அனுப்புறதா இருந்தா நான் எடுத்துக்கிறேன்" என்றார்.

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் பட்டறை ஓடும். ஆனால் அப்புறம் எதற்கு முறுக்க வேண்டும், எதற்கு நாங்கள் நான்கைந்து பேர் கை காய்த்துப்போய் நிற்க வேண்டும்? முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் லெட்சுமி அக்கா முந்திக்கொண்டார்.

"அயன் பண்ணக் கூடாது ஆச்சி. நான் பண்ணேன், பண்ணி முடிச்சுப் பார்த்தா பாசார்ல விக்கிற சாதா காட்டன் சாரி. இது அப்படியில்ல லா. இதப் புடிச்சுப் பாருங்க." நர்ஸ் பெண் கழற்றி வைத்திருந்த நீலப் புடவையை எடுத்து ஆச்சியின் கையில் திணித்தார். "மேடைல அந்தப் புள்ள திரும்புனப்ப எப்படி அசைஞ்சுச்சு, பார்த்தீங்கல்ல? என் மடிப்பு அப்படி அசையாது. இதை எவளாச்சும் அயன் போடக் கொண்டாந்தா நானே திருப்பி அனுப்பிருவேன்."

இஸ்திரிப் பெட்டியை வைத்துச் சோறு தின்கிறவர் சொல்கிறார். பத்து வருடமாக நான் யார் யாரிடமோ சொல்லித் தோற்றதை இவர் என் பக்கம் நின்று சொல்லிவிட்டார்.

ஆச்சி நீலத்தை மடியில் வைத்துத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "சரி, கசங்கலாவே அனுப்புங்க. தீபாவளிக்கு முன்னாடி வந்துறணும்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

அவர் போனதும் லெட்சுமி அக்காவைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். நீலப் புடவையை அவரிடமே கொடுத்தேன். "உங்களுக்குத்தானுங்கக்கா. கட்டிக்குங்க." அவர் வாங்கி விரித்துப் பார்த்தார், தோளில் போட்டுப் பார்த்தார். கண்ணெல்லாம் பூரிப்பு. பிறகு என் பக்கம் நகர்ந்து வந்து, யாரும் கேட்காத மாதிரி குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தங்கச்சி, ஏசாதீங்க. முந்தானைய மட்டும் லேசா ஒரு தடவ அயன் போட்டுக்கட்டுமா?"

நான் அவரைப் பார்த்தேன். அவருடைய தோள்பையிலிருந்து இஸ்திரிப் பெட்டியின் ஒயர் ஏற்கெனவே வெளியே வந்திருந்தது.